அழுத்தாமல் ஒட்டிய பலகை

சென்ற வருடம் மே மழை தொடங்குவதற்குச் சற்று முன், அத்தான் பொரளையிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒட்டுப்பலகைகளோடு வந்திறங்கினார். காணிப் பங்கீட்டில் உண்டான மனத்தாங்கலால் ஐந்து வருடங்களாக எங்களுக்குள் பேச்சில்லை.

"பின்வளவைக் கொஞ்ச நாளைக்குத் தருவீரா? வள்ளம் ஒன்று கட்டவேண்டும்" என்றார். பொல்கொடை வாவியில் பாய் விரித்து ஓடவேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அவர் பின்பற்றியது 'மிரர்' வள்ளத்தின் முறை. இலண்டன் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் 1963இல் அறிமுகமான வள்ளம் அது. சாதாரண மக்களும் வீட்டிலேயே கட்டத்தக்கதாகப் பரி பக்னெலும் ஜாக் ஹோல்ட்டும் அதனை வடிவமைத்தனர். 70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுவிட்டன. பலகை விளிம்புகளில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, பொருத்தின்மீது கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டவேண்டும். பிசின் இறுகியதும் கம்பியின் வேலை முடிந்துவிடும்.

பலகை தைப்பது எங்கள் கரைகளுக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும், சிங்களவர் 'ஒருவ' என்றழைக்கும் வள்ளத்தின் மேற்பலகைகளும் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆனால் அங்கே தையல் இறுதிவரை இருக்கும். அலை மோதும்போது சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

எங்களுக்குச் சோதனை தையலுக்கு முன்னரே வந்தது. பலகையின் நீளம் 8 அடி. வள்ளமோ ஏறத்தாழ 11 அடி. ஆகவே இரண்டு பலகைகளை நுனியோடு நுனி ஒட்டவேண்டும். எபொக்சிப் பசையைத் தடவியதும், பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்து அவசரத்தோடு, கிளாம்புகளை நான் பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். மறுவாரம் பலகையைத் தூக்கியபோது பொருத்து விட்டுப்போயிற்று. பார்க்க வந்த மொறட்டுவை ஓடாவி சிங்களத்தில் சிரித்தபடி சொன்னார்: "மாத்தயா, பசையையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிட்டீர்களே!"

மறுபடி தொடங்கினோம். பலகையின் தடிப்பு 6 மில்லிமீற்றர். அதன் எட்டு மடங்காக, 48 மில்லிமீற்றர் நீளத்துக்கு இரு நுனிகளையும் சரிவாகச் சீவினோம். முதலில் நீர்த்த எபொக்சியைப் பூசி மரத்தைக் குடிக்கவிட்டோம். பிறகு மரத்தூள் கலந்த தடித்த பசை. கீழே ஒட்டாதிருக்கப் பொலித்தீன். விளிம்பில் பசை மெல்லிய கோடாகக் கசிந்ததும் கிளாம்பை நிறுத்திக்கொண்டோம். மழைக்கால ஈரப்பதத்தால் மேலே படிந்த பிசுபிசுப்பை, இறுகியபின் நீரால் கழுவித் தேய்த்தோம். சோதனைக்கென ஒட்டிய துண்டை வளைத்துப் பார்த்தபோது மரம் முறிந்தது, பொருத்து அசையவில்லை.

பசை இறுகும்வரை இரண்டு நாட்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தோம். காணிப் பேச்சும் வந்தது. ஐந்து வருடங்களுக்கு முன், அன்றைக்கே ஒப்பமிடவேண்டுமென்று அவரை நெருக்கியவன் நான். இம்முறை நான் எதையும் வற்புறுத்தவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

காணி விடயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அத்தான் ஞாயிறுதோறும் வருகிறார். வள்ளத்துக்கு இனி வர்ணம் பூசவேண்டும்.