வளைவு தீர்மானிக்கும் உயரம்

இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியா பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டும் தேரை 'அலங்காரம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வண்ணத்தாளும் சரவிளக்கும் கண்ணை நிறைத்துவிடுவதால் உள்ளே நிற்கும் கூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அதைக் கோயில் விமானத்தின் பெரிய மாதிரியாகவே பார்க்கிறேன். தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் அதை நிமிர்த்துவது பாதி வேலைதான். தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கிலிருந்து கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு வரை, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் வழியே, சரிவுப் பாதையில் குலையாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதில்தான் தொழில் தெரிகிறது.

கூட்டை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். டிராக்டர் பெட்டியின் நான்கு மூலையிலும் கம்புகள், குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் பிளந்த மூங்கிலை வளைத்து அடுக்கடுக்காகக் குறுகும் கோபுரம். மூட்டுகளில் ஆணியைவிடக் கயிறும் கட்டுக்கம்பியும்தான் அதிகம். கல்லும் குழியுமான பாதையில் குலுங்கக் குலுங்க ஆணித்துளை அகன்றுவிடும். கயிற்றுக்கட்டு சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தாங்கும். பாரமெல்லாம் அடியில், மேலே மூங்கிலும் தாளும் மட்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்று போகும் கொண்டை ஊசி வளைவில் உச்சி கனத்தால் தேர் சாய்ந்துவிடும் அல்லவா? அதனால் உயரத்தை முடிவு செய்வது கட்டுகிறவரின் ஆசையன்று; ஆக ஒடுக்கமான வளைவும் ஆகத் தாழ்ந்த மின்கம்பியுமே. திருவாரூர் ஆழித்தேரும் இதே கணக்கில்தான் நிற்கிறது: சுமார் 96 அடி உயரத்தில் மேற்பகுதி முழுக்க மூங்கிலும் துணியும். ஆனால் அதற்குச் சமதளமான அகன்ற வீதியும், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. தோட்டத்துத் தேருக்குச் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டையும் பின்னால் கயிறு பிடிக்கும் ஆட்களும்தான்.

இரண்டு நாளில் பிரித்துவிடும் பொருளுக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். பிரிக்கப்படுவது கம்பும் தாளும். அளவும் முடிச்சும் கட்டியவர்களின் கையில் இருக்கின்றன. இரும்புச் சட்டத்தில் ஆயத்தமாக வாடகைத் தேர் கிடைக்கிறதே என்பதும் நியாயமான கேள்விதான். பல தோட்டங்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் வேறு பாதைக்கு அளந்த உயரம் இந்தப் பாதைக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். பாதையை அறிந்தவர் கணக்கை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல? பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில் வாழ்கிறவர்களுக்குத் தேர் எதற்கு என்ற மூன்றாவது கேள்வியே என்னை அதிகம் வருத்துகிறது. வீட்டு உரிமைக்கான கோரிக்கை தேரை நிறுத்தினால் நிறைவேறிவிடாது. அதே மக்கள் தங்கள் உழைப்பையும் அறிவையும் தங்களுக்கென்று செலவிடும் வேலை இது.

கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் பழைய லயம் ஒன்றிலேயே 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. கொழுந்துக்கூடைக்குப் பக்கத்தில் தேர்க்கூட்டுக்கும் அங்கே இடம் வேண்டும். தோட்ட இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவில் தாள் ஒட்டுவதற்கு முன் கூட்டைப் படம் எடுங்கள், உயரத்தையும் முடிச்சுகளையும் வளைவின் அகலத்தையும் கட்டியவரின் பெயரோடு எழுதி வையுங்கள். ஊர்வலம் முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.