பச்சை பூசாத லொறி

பழைய இராணுவ வாகனங்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பது மேலை நாடுகளில் பலருக்குத் தீராத பொழுதுபோக்கு. வார இறுதிகளில் வீட்டுக் கொட்டிலில் ஆணி ஆணியாகக் கழற்றி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட முயல்வார்கள். நிறமும் இலக்கமும் மட்டுமல்ல, போல்ற்றின் தலைகூட அசலாக இருக்கவேண்டும் என்பது அவர்களது விதி. வந்தாறுமூலையில் என் மைத்துனர் தமது வளவிலேயே இத்தகைய வேலையொன்றைத் தொடங்கியபோது, அந்த விதி நம் மண்ணில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

லொறி, இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செவர்லே. கனடாவின் ஒசாவா நகரில் செய்யப்பட்டது. இன்று நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர் தூரம். பிரித்தானியப் பேரரசின் படைகளுக்கென்று கனடா இவ்வகை வாகனங்களை 4 இலட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பியது. சப்பையான மூக்கும், கீழ்விளிம்பு உள்வாங்கிச் சாய்ந்த முன்கண்ணாடியும் அவற்றின் அடையாளம். வெயிலில் மின்னி, மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சாய்வு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அந்த அச்சத்துக்கு எளிதில் காரணம் கற்பிக்கலாம்.

போர் முடிந்தபின் ஏலத்தில் வந்த வண்டியை மைத்துனரின் தந்தையார் வாங்கினார். அதன்பின் அது இராணுவ வண்டியாக இருக்கவில்லை. சித்தாண்டிக்கும் செங்கலடிக்கும் இடையே நெல்லும் விறகும் செங்கல்லும் ஏற்றியது. 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பின் விழுந்த தென்னைகளையும் ஏற்றியது. உதிரிப்பாகம் கிடைக்காமல் எண்பதுகளின் தொடக்கத்தில் மாமரத்தின் கீழ் நின்றுவிட்டது. 1990இல் ஊர் இடம்பெயர்ந்து மீண்டபோது பெட்டியின் பலகைகள் இல்லை. அடுப்புக்குப் போனதோ, பதுங்குகுழிக்குப் போனதோ, யாரறிவார்? எஞ்சியது கறல் பிடித்த இரும்பு மட்டுமே.

மைத்துனர் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எஞ்சினுக்கு இன்னும் காலம் வேண்டும், முதலில் பெட்டி என்று முடிவு செய்தார்.

லொறிப் பெட்டி என்பது பார்ப்பதற்கு வெறும் பலகைக் கூட்டம். உள்ளே அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. இரும்புச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் இரண்டு மரங்கள். அவற்றின் மேல் குறுக்கு மரங்கள். அதற்கு மேல் தளப்பலகை. பள்ளம் மேட்டில் ஓடும்போது சட்டம் முறுகும். அந்த முறுக்கத்தை மரம் வாங்கிக்கொள்ளவேண்டும். அதனால் சட்டத்தில் துளையிட்டு இறுக்காமல், 'யூ' வடிவக் கம்பிகளால் அணைத்துக் கட்டுவார்கள். தளப்பலகைகளைச் சற்று இடைவெளி விட்டே பரப்பவேண்டும். நெருக்கி அடித்தால் மாரியில் ஊதி மேலெழும்பிவிடும். உருண்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள போல்ற்றுகளே இதற்கு ஏற்றவை. கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். தலையில் நெல்மூடை சிக்கிக் கிழியாது. போரில் உருக்குத் தட்டுப்பட்டபோது அமெரிக்கர்கள்கூடத் தமது ஜி.எம்.சி. லொறிகளின் உருக்குப் பெட்டியை மரத்துக்கு மாற்றினார்கள் என்பது நினைவுகூரத்தக்கது.

குறுக்கு மரங்களுக்கு, இடித்த வீடொன்றின் முதிரை வளைகள் கிடைத்தன. பக்கப் பலகைக்கும் தளத்துக்கும் வேம்பு. ஊர் ஓடாவியார் ஒருவரும் மைத்துனருமாக மூன்று மாதம் உழைத்தார்கள். அடிப்பக்கத்துக்குக் கறையான் ஏறாதிருக்கப் பழைய எஞ்சின் ஒயில் பூசினார்கள்.

விவாதம் எழுந்தது நிறத்தில். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகன், இணையத்தில் தேடி அசல் இராணுவப் பச்சையின் இலக்கத்தைக் கண்டுபிடித்திருந்தான். படங்கு போர்த்துவதற்கான இரும்பு வளையங்களும் கொட்டிலில் பத்திரமாகக் கிடந்தன. "எல்லாம் இருக்கு அப்பா. அப்பிடியே செய்தால்தான் அது உண்மையான வண்டி" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

மைத்துனர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னேரம் என்னிடம்தான் சொன்னார்: "பச்சை பூசி, படங்கும் போட்டு இதை நான் றோட்டுக்கு எடுத்தால், முன்வீட்டு அக்கா படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்குப் போயிருவா, மச்சான்."

வந்தாறுமூலையை அறியாத வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். 1990இல் இங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் பல்லாயிரம் பேரின் அகதி முகாமாக இருந்தது. செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கே வந்த படையினர் 158 பேரைப் பிரித்தெடுத்து வாகனங்களில் ஏற்றிச் சென்றார்கள். அதே மாதம் 23ஆம் திகதி மேலும் 16 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். எவரும் திரும்பவில்லை. பின்னாளில் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. உறவினர்கள் இன்றும் செப்ரெம்பரில் விளக்கேற்றுகிறார்கள். இந்த ஊரில் மூடிய பச்சை வண்டியொன்று கடந்துபோனால் அது அரும்பொருட் காட்சியாகாது.

அசல் என்பது எந்த நாளின் அசல் என்று கேட்கத் தோன்றுகிறது. தொழிற்சாலையை விட்டு வந்த 1940களின் நாளா, நெல் சுமந்த முப்பது ஆண்டுகளா? பச்சை நிறத்தில் அது ஓடிய காலம் சில ஆண்டுகள்தாம்.

மருமகனிடம் இதை மைத்துனர் தாமே எடுத்துச் சொன்னார். அவன் 1990க்குப் பின் பிறந்தவன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, எந்த நிறம் என்று மட்டும் கேட்டான். தந்தையார் காலத்தில் பூசியிருந்த நீலம் என்று முடிவாயிற்று. பெட்டியின் ஓரத்தில் வளையம் செருகும் இரும்புக் குழைகள் அப்படியே இருக்கின்றன. வளையங்களைத் துடைத்து, கறல் பிடிக்காதிருக்கக் கிறீஸ் பூசி, கொட்டிலின் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எறிந்துவிட அவருக்கு மனமில்லை, போடவும் மனமில்லை.