எரு இடும் ஆண்டு



சென்ற அறுப்பின் பண்டிகையன்று நான் செய்த ஒரு பிழையை இந்த வாரம் உங்கள் முன் அறிக்கையிடுகிறேன். நம் நீலகிரி மலையின் விளைச்சலை அதிகாலையிலேயே ஆலயத்திற்குக் கொண்டுவந்தீர்கள். உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைகோஸ், பேரிக்காய் என ஒவ்வொன்றாகப் பலிபீடத்தின் முன் அடுக்கினோம். ஒரு சகோதரர் சிறு கூடையில் கேரட் கொண்டுவந்தார். சில விரல் பருமனே இருந்தன. சில இரண்டாகக் கிளைத்துக் கோணியிருந்தன. பருத்த கேரட்டுகளை முன்வரிசையில் வைத்த நான், அந்தக் கூடையைத் தூணின் மறைவில் வைத்தேன். ஏலத்தின்போதும் அதை எவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே விலை சொல்லி எடுத்துச் சென்றார்.

மறுவாரம் அவருடைய தோட்டத்திற்குச் சென்றேன். இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் அவர் விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன என்பதை அங்கேதான் அறிந்தேன். “மழை பெய்தால் போட்டதெல்லாம் ஓடைக்குப் போகிறது ஐயா. கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்?” என்றார்.

சாணத்தையும் இலைதழைகளையும் மக்கவைத்து இடுகிறார். நம் மலைமண் இயல்பிலேயே புளிப்பானது. அதற்குச் சுண்ணாம்பு சேர்க்கிறார். கேரட் எடுத்த பாத்தியில் பீன்ஸ் விதைக்கிறார்; அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. ஆயினும் இறுகிய மண் ஒரே பருவத்தில் இளகுவதில்லை. நேராக இறங்க வழியில்லாத வேர் கிளைத்துக் கோணுகிறது. அங்ககச் சான்று பெறுவதற்கும் காத்திருக்க வேண்டும்: பொதுவாக ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகள், பழமரங்களுக்கு 3 ஆண்டுகள். அதுவரை உழைப்பு கூடுகிறது, விளைச்சல் குறைகிறது, விலையோ சாதாரண விலைதான்.

“மேட்டுப்பாளையம் மண்டியில் இதை மருந்தடிக்காத காய் என்று பார்ப்பதில்லை ஐயா, சின்னக் காய் என்றுதான் பார்க்கிறார்கள். அடுத்த போகத்திற்குப் பழையபடி உரமே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்றார். ஆலயத்திலும் அப்படித்தானே என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே என்னைக் குத்தியது.

லூக்கா 13ஆம் அதிகாரத்தின் அத்திமர உவமையை இறையியல் கல்லூரியில் மனந்திரும்புதலுக்கான எச்சரிக்கையாகக் கற்றேன். அது சரியே. ஆனால் அன்று தோட்டக்காரனின் பக்கம் நின்று அதைத் தியானித்தேன். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்த எஜமானுக்கு, அவன் மரத்தின் நற்குணங்களை எடுத்துச் சொல்லவில்லை. இன்னும் ஓராண்டு தவணை கேட்டு, கொத்துவதற்கும் எருப்போடுவதற்கும் தன் கைகளையே ஒப்புக்கொடுத்தான்.

பிரியமானவர்களே, பாவத்தை விட்டுத் திரும்புகிறவனுடைய வாழ்விலும் கனி முதலில் சிறுத்துத் தோன்றலாம். லஞ்சத்தை விட்டவர் வீட்டில் வருமானம் குறைகிறது. மதுவை விட்டவரின் கைகள் சில நாள் நடுங்குகின்றன. அந்த நாட்களில் நாம் பருமனைப் பார்க்கிற வியாபாரிகளாக நிற்கிறோமா, மண்வெட்டி எடுக்கிற தோட்டக்காரராக நிற்கிறோமா?

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். வரும் ஞாயிறு முதல் ஆராதனைக்குப் பின் அவருடைய கூடை ஆலய வாசலில் இருக்கும். இரக்கப்பட்டு அல்ல, உரிய விலை கொடுத்து வாங்குங்கள். விடைபெறும்போது அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். அதில் இரண்டு மண்புழுக்கள் நெளிந்தன. “முன்பு இவை இங்கே இல்லை ஐயா” என்றார்.

ஆண்டவரே, எங்களுக்காக நீர் பொறுத்திருந்த ஆண்டுகளை மறவாதிருக்கச் செய்யும். பிறருக்காகப் பொறுத்திருந்து உழைக்கவும் கற்றுத்தாரும். ஆமென்.