தாழ்த்திய மகிழுந்தும் உத்தரவாதமும்



பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் மகிழுந்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

என் முன்னாள் மாணவன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்ததும் புதிய மகிழுந்து வாங்கினான். முன்பணம், அவன் தாயார் பால்மரம் சீவிச் சேர்த்தது. சில மாதங்களில் சுருள்வில்லை வெட்டி வண்டியைத் தாழ்த்தினான். ஓராண்டுக்குள் முன்பக்க அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தது. உத்தரவாதத்தின்கீழ் மாற்றித்தர இயலாது என்று கூறிவிட்டனர். தாயார் கையேட்டுடன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், இதுல அப்படித்தான் போட்டிருக்கா? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அப்படித்தான் போட்டிருந்தது. புரோட்டோன், பெரோடுவா நிறுவனங்கள் பொதுவாக 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கின்றன. அது தயாரிப்புக் குறைகளுக்கு உரியது. உரிமையாளர் செய்த மாற்றத்தால் விளையும் சேதம் அதில் அடங்காது.

இதில் நியாயமும் உண்டு. வெட்டிய சுருள்வில் விறைப்பாகிறது. அது அமுங்கி எழும் தூரம் குறைகிறது. பழைய உயரத்திற்கென அமைந்த அப்சோர்பர் ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டி மோதுகிறது. சக்கரம் உட்புறம் சாய்வதால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்கிறது. நம் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் வண்டியின் அடிவயிறும் உரசுகிறது.

ஆயினும், தாழ்த்திய ஒரே காரணத்தைக் காட்டி, அதனோடு தொடர்பில்லாத குளிரூட்டியின் பழுதையும் மறுத்தால் வாளாவிருக்க வேண்டாம். காரணத்தை எழுத்துவடிவில் கேளுங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞரின்றியே முன்வைக்கலாம்.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். மகிழுந்துக் கடன் 9 ஆண்டுகள்வரை நீள்கிறது. உத்தரவாதமோ 5 ஆண்டுகளில் முடிகிறது. அந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பையும் இழப்பது எளிய குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. அம்மாணவன் புதிய சுருள்வில்லுக்கும் அப்சோர்பருக்கும் தன் சம்பளத்திலிருந்தே பணம் கட்டினான். அம்மாத வீட்டுச் செலவைத் தாயாரின் கூலி தாங்கியது.

ஆசிரிய நண்பர்களே, ஆறாம் ஆண்டு மாணவர்களின் கருத்துணர்தல் பாடத்திற்கு, அவரவர் வீட்டிலுள்ள மின்விசிறியின் உத்தரவாத அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 'எவை அடங்கா' என்னும் பகுதியை முதலில் படிக்கச் செய்யுங்கள். மகிழுந்து வாங்கும் வயதில் அது கைகொடுக்கும்.