பாசறை மீண்ட பின்

ஐந்திணைகளுள் முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். வினைமேற் செல்லும் தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வதாகச் சொல்லிப் போவான். தலைவி அதுவரை ஆற்றியிருப்பாள். பி.ஏ. வகுப்பில் நப்பூதனாரின் முல்லைப்பாட்டைப் பாடங்கேட்டபோது, 103 அடிகளுக்குள் இத்தனை செய்திகளா என்று வியந்திருக்கிறேன். விரிச்சி கேட்கச் செல்லும் முதுபெண்டிர், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் எண்ணி உறக்கமிழந்த அரசன், பாசறையில் நாழிகை கணக்கிட்டுச் சொல்வோர் என அதில் எல்லாரும் உண்டு. மீண்டு வரும் தேர்க்குதிரைகளின் ஆரவாரம் தலைவியின் செவியில் நிறையும் இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. தேரை விட்டு இறங்கியவன் வீட்டுக்குள் வந்த பின் என்ன ஆயிற்று என்று புலவர் சொல்லவில்லை. படைவீரர் ஒருவரின் மனைவியாக 22 ஆண்டுகள் கழித்த எனக்கு, அவர் சொல்லாது விட்ட அப்பகுதியே இப்போது பெரிதாகத் தோன்றுகிறது.

என் கணவர் மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே வழங்கும் வட்டாரம் அது. படைப்பணியில் 'பீஸ்' என்றும் 'ஃபீல்டு' என்றும் இருவகை உண்டு. முன்னதில் குடும்பம் உடனிருக்கலாம், பின்னதில் இயலாது. நானோ மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். அரசுப் பணியிலுள்ள கணவன் மனைவியை இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று 1986-இலேயே ஆணை பிறந்துவிட்டது. அதன் வாசகம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆயினும் பனிமலை உச்சியில் எழுத்தருக்கு நாற்காலி ஏது? மணமான ஆண்டுகளில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தை, விடுப்பு நாட்களையும் சேர்த்து, ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகள்கூடத் தேறவில்லை. 2008-இல் அரசு அளித்த 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பைத்தான், பஞ்ச காலத்தில் அரிசி அளப்பதுபோல் அளந்தளந்து எடுத்து மகனை வளர்த்தேன்.

அவருடைய முகவரி பெரும்பாலும் 56 ஏ.பி.ஓ. என்பதுதான். அந்த எண்ணுக்கு ஊரும் இல்லை, மாநிலமும் இல்லை. கடிதம் புதுதில்லிக்குப் போய், அங்கிருந்து எந்த மலைக்கோ ஏறிச் செல்லும்.

இங்கே ஆகுர்டியில் கார்காலம் ஆவணிவரை பொறுப்பதில்லை. துக்காராம் மகராஜின் பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டு, ஆகுர்டி விட்டல் கோயிலில் இரவு தங்கும் நாட்களை ஒட்டியே மழையும் வந்துவிடும். துளசி மாடத்தைத் தலையில் ஏந்தியபடி கணவரோடு நடந்து செல்லும் பெண்களுக்கு எங்கள் தெருவார் தேநீர் கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்கு மேல் சேர்ந்தே நடக்கும் அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பக்தியைவிடப் பொறாமைதான் மிகுந்திருந்தது என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

காத்திருப்பு எல்லாருக்கும் தேரொலியில் முடிவதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பனிச்சரிவு மூடியது. 19-ஆம் மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் உள்ளே புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் நமக்கு அண்டையிலுள்ள சதாரா மாவட்டத்துக்காரர். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். தில்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார். என் கணவரின் பட்டாலியன் அப்போது வேறிடத்தில் இருந்தது. அது தெரிந்திருந்தும் அந்த ஒன்பது நாட்களும் அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் என் எழுதுகோல் தாளிலேயே நின்றது. சதாராவில் ஒரு வீட்டில் அந்த ஒலி எப்படிக் கேட்டிருக்கும் என்பதை இன்றும் எண்ணாமலிருக்க முடிவதில்லை.

இவ்வாண்டு அவருடைய கடைசிக் களப்பணி முடிந்தது. வெலிங்டன் மையத்தில் ஓய்வுக்கான தாள்களை முடித்துக்கொண்டு, வெள்ளைச் சாயத்தில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். "இனிமேல் உங்களுக்கென்ன கவலை, அண்ணி!" என்று நாத்தனார் தொலைபேசியில் வாழ்த்தினாள்.

கவலை இல்லைதான். ஆனால் அவர் இல்லாத காலத்தில் இந்த வீடு தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தது. பதினாறு வயது மகன் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டபோது, கூடத்தில் அமர்ந்திருந்த தந்தையைத் தாண்டி அடுக்களைக்கு வந்து என்னிடம் கேட்டான். பழக்கத்தால் நானும் விடை சொல்லிவிட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, பிறகு செய்வதற்கு ஒன்றுமின்றி நிற்கிறார். ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் அடுக்களை டப்பாக்கள் யாவும் உயர வரிசையில் அணிவகுத்து நின்றன. உளுந்தைத் தேடி எடுக்கக் கால்மணி ஆயிற்று. சினம் வந்தது. ஆயினும் அந்த வரிசையைப் பார்க்கையில், இவ்வீட்டில் தமக்கொரு பணியிடம் தேடுகிறார் என்பது புலனாயிற்று. மறுநாள் அப்படியே விட்டுவிட்டேன்.

ஊருக்கே வந்துவிடுங்கள் என்கிறார் மாமனார். மகன் கதை படிப்பது மராத்தியில். எனக்கு இன்னும் பதினான்கு ஆண்டுப் பணி உண்டு. தாம் ஓய்வு பெறும் நாளில் மனைவியும் தம்மோடு ஓய்வு பெறுவாள் என்று எண்ணும் படைவீரர் பலர். என் கணவர் அப்படிச் சொல்லவில்லை. மகனின் பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், பிறகு பேசுவோம் என்று தந்தைக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான்.

சென்ற ஞாயிறன்று வங்கிப் புத்தகங்களையும் காப்பீட்டுத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, எது எங்குள்ளது என்று அவருக்குக் காட்டினேன். கவனமாகக் கேட்டுச் சிறு ஏட்டில் குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், "இவை உன்னிடமே இருக்கட்டும், மின்கட்டணத்தை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவ்வாறே பில்லை அவரிடம் கொடுத்தேன். தகரப் பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. பரணில் ஏற்றிவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.