கூரை மேல் ஒரு கூடாரம்

விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே, ஆசிரியர் அறையில் என் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. "வீடு இருக்கும்போது வண்டி மேல் ஏன் ஒரு வீடு?" என்று மூத்த ஆசிரியை ஒருவர் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட கதையை இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது பழைய நான்கு சக்கர இயக்க வண்டி. இரண்டாம் கையாக வாங்கியது. நண்பர் ஒருவருக்குப் பகாங், ரவூப் பக்கம் டுரியான் தோட்டம் உண்டு. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று இரவு தங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தரையில் கூடாரம் அடித்தால் அட்டை, எறும்பு, மழைநீர் என்று மூன்று எதிரிகள். கூரைக் கூடாரம் இம்மூன்றுக்கும் மேலே நிற்கிறது. இது புதுமையான பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருந்த காலத்திலேயே, திராபன்ட் என்னும் சின்னஞ்சிறு மகிழுந்தின் தலையில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் சுற்றுலா போயிருக்கின்றன.

பட்டறையில் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. தட்டையான அலுமினிய ரேக், அதன் மேல் மடித்து விரிக்கும் துணிக் கூடாரம், பக்கவாட்டில் சுருட்டி இழுக்கும் பந்தல். எடை தாங்குமா என்று நான் கேட்காமல் இல்லை. பொருத்திக்கொடுத்த தம்பி சிரித்துக்கொண்டே, "சார், ராத்திரி மூணு பேர் ஏறிப் படுக்குறதையே தாங்குது. ஓட்டும்போது வெறும் கூடாரத்தைத் தாங்காதா?" என்றார். சரியாகத்தானே சொல்கிறார் என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். அவருக்கு வயது எழுபத்தாறு. தோட்டத்தில் இருபத்தேழு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"மொத்தம் எத்தனை கிலோ?"

எனக்குத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருண்மைக் கணக்கு நடத்துகிறவன், என் தலைக்கு மேல் நானே ஏற்றிய பொருண்மையைக் கூட்டிப் பார்க்கவில்லை. பட்டறைத் தம்பி சொன்ன நியாயத்தை அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் ஒலிக்கிறது.

"நிக்கிற லாரி மேல கோயிலே கட்டலாம்டா. ஓடும்போதுதான் சாமி ஆடும்."

வண்டி நிற்கும்போது மேலே இருக்கும் எடை, தூண்கள் வழியாக நேராகக் கீழே இறங்குகிறது. மடித்து விரிக்கும் கூடாரத்தில் ஒரு பாதி வண்டிக்கு வெளியே நீண்டு நிற்கும். அந்தப் பாதியின் சுமையை ஏணியே தரைக்கு இறக்கிவிடும். ஆகவே மூவர் படுத்தாலும் கவலையில்லை. ஓடும்போது கதை வேறு. பிரேக் பிடித்தால் அச்சுமை முன்னே பாய்கிறது. வளைவில் பக்கவாட்டில் இழுக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழுந்தால், தன் எடையைப் போல் பல மடங்காகத் திருகாணிகளை உதைக்கிறது. போதாததற்கு, உயரத்தில் ஏற்றிய எடை வண்டி கவிழும் வாய்ப்பையும் கூட்டுகிறது. கையேட்டில் கூரைச் சுமை என்று அச்சிட்டிருப்பது ஓடும் வண்டிக்கான எண். என் வண்டிக்கு அது, ரேக்கின் எடையையும் சேர்த்து, 100 கிலோ.

மறுநாள் பழைய இரும்புக் கடைத் தராசில் எல்லாவற்றையும் கழற்றி நிறுத்தோம். ரேக் 28 கிலோ, கூடாரம் ஏணியோடு 60, பந்தல் 14. ஆக 102. இரண்டு கிலோதானே என்று நான் வாயெடுத்தபோது, அப்பா கையேட்டைக் காட்டி, "இது தார் ரோட்டுக்கு. மண் ரோட்டுக்கு எவ்வளவு?" என்றார். தேடிப் படித்தேன். கரடுமுரடான பாதையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுமாறு ரேக் உற்பத்தியாளர்கள் சிலர் அறிவுறுத்துகின்றனர். அப்படியானால் 67 கிலோகூட முழுதாக இல்லை.

இந்த அளவுக்குப் பிடிவாதம் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. முகத்திலும் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் அப்பா உட்கார்ந்தார். நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1979இல் நடந்ததைச் சொன்னார். மழைக்காலம். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். லாரி நிறைந்த பிறகும், மறுநடை மிச்சமாகட்டும் என்று கிராணி இன்னும் ஒரு வரிசை அடுக்கச் சொன்னாராம். அப்பா மறுக்கவில்லை. குலைகளின் மேல் வழக்கம்போல் ஒருவர் உட்கார்ந்து வந்தார். தோட்டத்துப் பாலத்துக்கு முந்திய வளைவில் லாரி சாய்ந்தது. மேலே இருந்தவர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவி நான்கு வீடு தள்ளி, எங்கள் லயத்திலேயே இருந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து மறுபடியும் கூட்ட ஆரம்பித்தேன்.

தட்டை ரேக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நட்டம் கொஞ்சம்தான். அதற்குப் பதிலாகக் குறுக்குக் கம்பிகள் இரண்டு, 12 கிலோ. பந்தல் வேண்டாம். ஏணி 6 கிலோ, அதைக் கழற்றி வண்டிக்குள் வைப்பது என்று முடிவாயிற்று. 12உம் 54உம் 66. அப்பா தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் விரல் வைத்துச் சரிபார்த்தார்.

பொருத்தும் வேலையை இம்முறை நாங்களே செய்தோம். பக்கத்து வீட்டுப் பாக்சிக்கும் அவர் மகனும் தூக்கிக்கொடுக்க, நால்வராகக் கூடாரத்தை ஏற்றினோம். இந்நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே ஏணி இடப்புறம், சாலையோரத்தில் இறங்கும்படி திருப்பி வைத்தோம். மரைகளை ஒரே மூச்சாக முறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். அலுமினியத்தை வெறிகொண்டு முறுக்கினால் இழை அறுந்துவிடும். கடைசியில் அப்பா வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, ஒவ்வொரு மரையின் மேலும் கம்பியைத் தொடும்படி ஒரு கோடு இழுத்தார். மரை நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். லாரிச் சக்கரங்களில் பழகிய உத்தியாம்.

ஒன்றை மட்டும் இருவருமே மறந்தோம். வண்டியின் உயரம் இப்போது 2.25 மீட்டர். பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தின் நுழைவில் 2.1 மீட்டர் என்று தொங்கிய கம்பி, கூடாரத்தின் உறையை முத்தமிட்டது. பின்னால் ஏழெட்டு வண்டிகள். அந்த ஒலி வாங்கிய மானம் போதும்.

விடுமுறையில் கோலா குபு பாருவிலிருந்து கேப் வழியாக ரவூப் போனோம். அந்த மலைப்பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தச் சொல்லி அப்பா கோடுகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. தோட்டத்தில் டுரியான் மரங்களை விட்டு விலகி, வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினோம். முள் காய் துணிக்கூரையில் விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. மனைவியும் பிள்ளைகளும் மேலே ஏறினர். அப்பாவின் மூட்டு ஏணிக்கு ஒத்துவராது. நீட்டிக்கொண்டிருந்த பாதிக்குக் கீழே கட்டில் போட்டு அவரும் நானும் படுத்தோம். மேலே மகள் புரளும் ஒவ்வொரு முறையும் அவர் கண் திறந்து பார்த்தார்.

நள்ளிரவுக்குமேல் மழை கொட்டியது. விடிந்ததும் மடித்துக்கொண்டு கிளம்பலாம் என்றேன். மாலையில் வீட்டில் வேலை இருந்தது. அப்பா நனைந்த துணியை விரல்களுக்கிடையே பிழிந்து காட்டினார்.

"இது 66 கிலோ இல்லை."

தண்ணீரின் எடை என் கணக்கில் இல்லவே இல்லை. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. வெயில் பத்தரைக்குத்தான் வந்தது. கூடாரத்தின் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டு, பிள்ளைகள் பொறுக்கி வந்த டுரியானை உடைத்துத் தின்றபடி காத்திருந்தோம். ஒரு மணிக்கு அப்பா எழுந்து துணியை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். இன்னும் அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனார். பின்பக்க மரையொன்றில் கோடு மயிரிழை அளவு விலகியிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.