எங்கள் மூன்று சென்ட் தோட்டம்

மலரை விரும்பாத பெண்கள் உண்டோ? பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கித் தலையில் சூடிக்கொள்வது எளிது. ஆனால் அந்தப் பூ எந்தச் செடியில் பூத்தது, அச்செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும், எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது விடக்கூடாது என்பதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஆயாவிடம் கற்றது. அதையும், சென்ற ஆண்டுப் புயலுக்குப் பின் எங்கள் தோட்டம் இல்லாமலே போக இருந்த கதையையும் இங்கே எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டின் பின்னால் மூன்று சென்ட் அளவுள்ள தோட்டம் இருக்கிறது. திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். புளியங்காட்டு ஊரில் இருந்தும் எங்கள் தோட்டத்தில் ஒரு புளியங்கன்றுகூடக் கிடையாது. அதன் நிழலில் வேறொன்றும் வளராது என்று ஆயா வைக்க விடவில்லை. மற்றபடி குண்டுமல்லி, கனகாம்பரம், துலுக்கச் செவ்வந்தி, கோழிக்கொண்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை, முருங்கை, வாழை, பப்பாளி எல்லாம் உண்டு.

மூன்று சென்ட்டில் இவ்வளவா என்று வியக்கிறீர்களா, தோழியரே? நம் அறிவியல் பாடத்தில் வரும் கிரிகோர் மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்து மடத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியல் விதிகளைக் கண்டறிந்தார். அவர் பயன்படுத்திய தோட்டம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு சென்ட்தான் வரும். எங்கள் தோட்டத்தைப் போல் இரண்டு மடங்கு! இதை ஆயாவிடம் சொன்னபோது, "அந்தச் சாமியாருக்குக் களை எடுக்க ஆள் இருந்திருக்கும்" என்றார்.

ஆயா ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். "ஒருத்தனுக்குக் கூழ் பிடிக்கும், ஒருத்தனுக்குச் சோறு பிடிக்கும். செடியும் அப்படித்தான்" என்பார். எல்லாச் செடிக்கும் ஒரே குடம் தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். கடையில் காய்கறியோடு இலவசமாகக் கொடுக்கும் இதை வளர்ப்பது அவ்வளவு எளிதன்று. பழுத்த பழத்தின் விதையை உடனே ஊன்ற வேண்டும். காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்காது. பெரிய மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து நடுவது நல்லது. முதல் இரண்டு ஆண்டுகள் அது வளர்கிறதா, சும்மா நிற்கிறதா என்றே தெரியாது. புளித்த மோரில் தண்ணீர் கலந்து மாதம் ஒரு முறை வேரில் ஊற்றுவோம். இலையை உருவாமல் நுனியைக் கிள்ளிப் பறித்தால் பக்கக் கிளைகள் வரும். இதன் தாவரவியல் பெயரில் வரும் 'கோனிகி' என்பது 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவரின் பெயர். அவர் லின்னேயஸின் மாணவர். நம் ரசத்தில் மிதக்கும் இலைக்குள் இவ்வளவு பெரிய ஆள் இருக்கிறார்.

கனகாம்பரத்தின் குணம் வேறு. அதற்கு அரை நிழல் போதும். நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த காயில் மழைத்துளி பட்டால் 'பட்' என்று வெடித்து விதை தூரத்தில் போய் விழும். ஆகவே வெடிப்பதற்கு முன்பே காய்களைப் பறித்து டப்பாவில் போட்டு வைப்போம். ஆரஞ்சு நிற டில்லி கனகாம்பரத்தில் விதையே பிடிக்காது. அதற்கு மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதே காரணம். குச்சி வெட்டி நட்டால்தான் உண்டு. கனகாம்பரத்திற்குப் பெரிய பகை வேரில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுவுக்குத் துலுக்கச் செவ்வந்தியின் வேரில் சுரக்கும் பொருள் ஆகாது. எனவே இரண்டையும் அடுத்தடுத்த பாத்தியில் வைக்கிறோம். வேர்முடிச்சு என்ற சொல்லை அறியாத ஆயா, "செவ்வந்தி பக்கத்தில் இருந்தால் கனகாம்பரம் வாடாது" என்று மட்டும் சொல்வார். மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த பூ எங்கள் ஆயாவுக்கு இப்படி உறவாகிவிட்டது.

பப்பாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் காணப்பட்ட ஒரு மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எனக் கண்ட செடியிலெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அப்பி அழித்தது. எந்த மருந்துக்கும் அது எளிதில் அடங்கவில்லை. மெழுகு போன்ற பூச்சு அதைக் காத்தது. பின்னர் 2010-இல், அதாவது நான் பிறந்த ஆண்டில், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். கடுகில் பாதி அளவுகூட இல்லாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, வெளிவரும் புழு அதைத் தின்றுவிடும். சில மாதங்களிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது! இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல் எதைக் கண்டாலும் மருந்தடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்போம். பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்போம். அவ்வளவே.

வாழைக்குப் பாத்திரம் கழுவும் தண்ணீர். மல்லிக்கு நல்ல வெயில், நிழலில் வைத்தால் இலைதான் தழைக்கும். முருங்கைக்குத் தண்ணீரே அதிகம் தேவையில்லை. கம்பளிப் பூச்சி அடையும் காலத்தில் மட்டும் ஒரு கண் வைக்க வேண்டும். பூச்செடிகளுக்கெல்லாம் மக்கிய சாண எருவும், ஊறவைத்துக் கரைத்த கடலைப் பிண்ணாக்கும் போடுவோம். கடலைப் பிண்ணாக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது: 'டி.எம்.வி.' என்று பெயர் தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் பல உண்டல்லவா? அந்த எழுத்துகள் நம் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. இது நம் ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது.

நிற்க. புயலுக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்பும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. எங்களூருக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரத்தில் ஏரி இருந்த இடத்தில் கட்டிய புதிய பேருந்து நிலையம் மறுபடியும் ஏரியாயிற்று. தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து எத்தனையோ பேர் வீடு வாசல் இழந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எங்களுக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை.

ஆயினும் விடிந்து கதவைத் திறந்ததும் அழுகை வந்தது. முருங்கை நடுவில் முறிந்து சுவர்மேல் கிடந்தது. இரண்டு வாழைகள் குலையோடு சாய்ந்துவிட்டன. செவ்வந்திப் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. பப்பாளி மட்டும் நிமிர்ந்து நின்றது. தப்பித்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் பப்பாளி வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், அழுகிவிடும். எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் நின்றது. ஒரு வாரத்தில் இலைகள் மஞ்சளாகித் தொங்கி, மரமும் போயிற்று. ஒன்றும் ஆகாமல் நின்றவை கறிவேப்பிலையும் குண்டுமல்லியும்தான். நவம்பர் கடைசி வாரம் மல்லியைக் கவாத்து செய்யும் காலம். அந்தப் புதன்கிழமைதான் ஆயா அதை முழங்கால் உயரத்திற்கு வெட்டி விட்டிருந்தார். காற்றுக்குப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை!

நான்காம் நாள், முறிந்த முருங்கையிலிருந்து போத்து வெட்டப் போன ஆயா சேற்றில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல், மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்பா அன்றிரவே முடிவு செய்துவிட்டார். "பின்னால் முழுக்க சிமென்ட் தளம் போட்டுவிடலாம். சேறும் வேண்டாம், பாம்பும் வேண்டாம், கொசுவும் வேண்டாம்."

விழுப்புரத்தில் இருக்கும் அத்தையும் அப்பாவின் பக்கம்தான். அத்தையின் மாடித் தோட்டம் அழகானது. பழைய வாளிகளிலும் அரிசிச் சாக்குகளிலும் அடியில் துளையிட்டு, துளைமேல் ஓட்டாஞ்சில்லு வைத்து, செம்மண், மணல், எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பித் தக்காளியும் கத்தரியும் வளர்க்கிறார். "அண்ணே, தொட்டியில் வைத்தால் எந்த வெள்ளமும் ஒன்றும் செய்யாது" என்று போனில் சொன்னார். உண்மைதான். ஆனால் மே மாதத்தில் அதே தொட்டிகளுக்கு அத்தை காலையும் மாலையும் தண்ணீர் சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன். முருங்கையையும் வாழையையும் வாளியில் வைப்பது எங்ஙனம்?

மணிக்கட்டைக் கழுத்தில் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆயா யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் அப்பா இதைச் செய்கிறார். அதனால் அவரால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் மிகவும் வருத்தமாயிருந்தது. எங்கள் மாவட்டத்தில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அவை கல்லாக 2 கோடி ஆண்டுகள் ஆயினவாம். எங்கள் தோட்டம் கல்லாக ஒரு கொத்தனாரும் ஒரு நாளும் போதும் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா கடை வைத்திருப்பவர், கணக்குக்குக் கட்டுப்படுவார். ஆகவே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். மூன்று சென்ட் 120. அதன்மேல் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் 60 கன மீட்டர், அதாவது 60,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஐந்து லாரி! அவ்வளவையும் மண் குடித்துவிடவில்லை. நிரம்பிய மண்ணால் குடிக்க முடியாது, அதனால்தான் மூன்று நாள் தேங்கியது. ஆனால் மெல்ல மெல்லக் குடித்து முடித்தது. தளம் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? எங்கள் வீட்டைவிடத் தாழ்வான அடுத்த வீட்டுக்குள். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. கோடையில் வற்றும் எங்கள் போர் குழாய்க்கும் ஊற்று குறைந்திருக்கும்.

அப்பா தாளை இரண்டு முறை படித்தார். "அப்போ ஆயா மறுபடி விழுந்தால்?" என்றார். அதற்கு என் கணக்கில் விடையில்லை.

விடை சொன்னவர் அளவெடுக்க வந்த கொத்தனார். பின்வாசலிலிருந்து போர் குழாய் வரையிலும், அங்கிருந்து முருங்கை வரையிலும் மூன்றடி அகலத்திற்குக் கருங்கல் பதித்து, ஒரு பக்கம் பிடித்து நடக்க இரும்புக் குழாய் போட்டால் போதுமே என்றார். செலவும் தளத்தைவிடக் குறைவு. அப்பா ஒப்புக்கொண்டார். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி தூர்ந்து கிடந்தது. அதையும் தூர் எடுத்துக் கூழாங்கல் நிரப்பினோம். ஆயா அன்றுதான் வாய் திறந்தார்: "கல்லை மல்லி வேருக்கு இரண்டடி தள்ளிப் போடச் சொல்லு."

மார்ச்சு மாதம் மல்லி பூக்கத் தொடங்கியது. மே மாத வணக்கத்திற்கு மாதா கெபிக்கு 31 நாளும் எங்கள் வீட்டிலிருந்தே சரம் போயிற்று. ஆயாவுக்கு விரல்கள் இன்னும் முழுவதும் மடங்கவில்லை; பூவை அவர் எடுத்துக் கொடுக்க நான் தொடுத்தேன். முறிந்த முருங்கையின் போத்துகள் மூன்றும் தழைத்துவிட்டன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லறைக்குக் கோழிக்கொண்டையும் செவ்வந்தியும் கொண்டுபோனோம்.

பப்பாளி விதையை ஜூன் மாதம் போட்டோம். இம்முறை மண்ணை மேடாக அணைத்து, அதன்மேல் குழிக்கு மூன்று கன்றாக வைத்திருக்கிறார் ஆயா. பப்பாளியில் ஆண் மரமும் உண்டு, பெண் மரமும் உண்டு. பூத்த பிறகே எது எதுவென்று தெரியும். மகரந்தத்திற்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவிட்டு மற்ற ஆண் மரங்களைப் பிடுங்கிவிட வேண்டும். இப்போது என் இடுப்பளவுக்கு வந்துவிட்டன; இன்னும் பூக்கவில்லை.